டைனோசர் கத்தினால் கோழிக்கு ஆகாது

செத்து ஆறரைக் கோடி வருஷமான உயிர்களுக்குப் பெயின்ட் அடித்து, மோட்டார் வைத்து, தலையாட்ட விட்டு, டிக்கெட் கிழித்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. பொருட்காட்சியில் கடை போட்டவர்கள், பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்கள், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஆள் அனுப்பினவர்கள், சுருக்கமாகச் சொன்னால் பொதுஜனத்துக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டினவர்கள் எல்லோரும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் அப்படித்தான்.

நான் குமாரபாளையத்துக்காரி. விசைத்தறியில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றினேன். பிறகு ஊர் ஊராகப் பொருட்காட்சியில் தாம்பாளம் அகலத்துக்கு அப்பளம் பொரித்து விற்றேன். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்று என் கோபமும் கொதிக்கப் பழகிவிட்டது. சட்டியை இறக்கி வைத்த பிறகும் அது ஆறவில்லை. போன வருஷம் டைனோசருக்கு மாறினேன். இந்த முழுப்பரீட்சை லீவில் நாமக்கல்லில் கூட்டம் வந்தால் டைனோசர். வராவிட்டால் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி அப்பளச் சட்டி. இது நானே எனக்குப் போட்டுக்கொண்ட கெடு. மற்றவர்கள் போட்ட கெடு என்றால் பேசிக் குறைத்திருப்பேன்.

குட்டைக் கை

மூடிக்கிடந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் பைபர் டைனோசர்கள் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கேதான் டைரனோசரை முதன்முதலில் நேரில் பார்த்தேன். உடம்பு லாரி மாதிரி, வாய் லாரியின் பின்கதவு மாதிரி. கையைப் பார்த்தால் டீ டம்ளர் பிடிக்கக்கூடக் காணாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேரம் பேசுகிறவளுக்குப் பொருளில் ஒரு குறை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"என்னைய ஏமாத்தப் பாக்கறீங்களா? அச்சுல தப்பு. இந்தக் கையோட இதை எவன் பாப்பான்? பாதி வெலை சொல்லுங்க" என்றேன். விற்கிறவர் போனை எடுத்துப் படம் காட்டினார். எல்லாப் படத்திலும் கை குட்டைதான். "எல்லாம் ஒரே அச்சுல ஊத்தினதுதானே?" என்றேன். எலும்புக்கூட்டின் படத்தைக் காட்டினார். "செத்தப்பறம் எலும்பு சுருங்கிருக்கும்" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நான் விடுவதாக இல்லை. மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டியது. கடைசியில், மூலையில் நின்ற ரோமம் வைத்த யானை ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டு அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யானையையே தர்றனுங்க்கா, அந்தக் கையை மட்டும் உட்டுருங்க. அது கையில எடுத்து ஊட்டிக்கற ரகமில்லீங்க. வாயை வெச்சாலே வேலை முடிஞ்சுது."

வால் எதற்கு

மாணிக்கம் என்னிடம் பிட்டர். தறி மெக்கானிக்காக இருந்தவர். காது பிளக்கும் தறிச் சத்தத்தில் வாழ்க்கை ஓட்டியதாலோ என்னவோ, தேவையில்லாமல் பேச மாட்டார். தேவையானதையும் காரியம் கெட்ட பிறகுதான் சொல்வார்.

டைரனோசரை நாமக்கல்லுக்கு ஏற்றும்போது வால் லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போலீஸ் பிடித்தால் யார் பதில் சொல்வது? கழட்டச் சொன்னேன். இறங்கின இடத்தில் வாலில் பெயின்ட் போயிருந்தது. அது காய்கிறவரை வால் இல்லாமலே நிறுத்துங்கள், வாலைப் பார்க்கவா ஜனம் வருகிறது, முகத்தைப் பார்க்கத்தான் வருகிறது என்றேன். மாணிக்கம் என்னைப் பார்த்தார், டைரனோசரைப் பார்த்தார், அப்படியே நிறுத்தினார். மோட்டாரைப் போட்டதும் அது ஒரு தடவை தலையை ஆட்டியது. இரண்டாவது ஆட்டுக்கு அப்படியே முகம் குப்புற டிக்கெட் கவுண்டர்மேல் சாய்ந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. இருந்திருக்க வேண்டிய ஆள் நான்தான், வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அத்தனை பெரிய தலையை முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டே காலில் ஓடின பிராணி அது. பின்னால் அதே கனத்துக்கு வால் இருந்ததால்தான் நிற்கவே முடிந்தது. இதை நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடு. அன்றைக்கு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே மாணிக்கம் சொன்னார்:

"அக்கா, அது வாலை ஆட்டறதுக்கு வெச்சிருக்கலீங்க. உழுகாம இருக்கறதுக்கு வெச்சிருக்குதுங்க."

தீவனக் கேள்வி

நாங்கள் கொட்டகை போட்ட இடம் பொன்னுசாமி என்கிற பண்ணைக்காரருடையது. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய முட்டைக்கோழிப் பண்ணை. வரிசை வரிசையாக நீளக் கொட்டகைகள், உள்ளே கூண்டு கூண்டாகக் கோழி. இடத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் டிக்கெட் வாங்காமலே முதல் ஆளாக உள்ளே வந்தார். நேராக நீளக்கழுத்து டைனோசரிடம் போய், வாங்க வந்த மாட்டைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னுங்க தீவனம் திங்கும்?"

"எலை, தழைதானுங்க. மெல்லாது. அப்படியே உருவி முழுங்கீரும். வயித்துல கெடந்து நாள் கணக்கா ஊறும்."

"வளத்தி எப்படி?"

"குஞ்சு பொரிச்சு வர்றப்பக் கையில தூக்கிக்கலாம். அப்பறம் நெம்ப வெரசா வளரும்."

"பிராய்லர் மாதிரி" என்று தலையாட்டிக்கொண்டார். அடுத்து முட்டை. பந்தளவில் செய்து வைத்திருந்த முட்டைப் பொம்மை ஒன்றைக் காட்டினேன். இந்த உடம்புக்கு முட்டை இவ்வளவுதானா என்று வருகிற ஆளெல்லாம் என்னிடம் சண்டை பிடிப்பார்கள், நானும் பதிலுக்குப் பிடிப்பேன். இவர் பிடிக்கவில்லை. முட்டை பெருத்தால் ஓடும் தடிக்கும், தடித்தால் உள்ளே குஞ்சுக்கு மூச்சு முட்டும், உடைத்துக்கொண்டு வரவும் முடியாது, இது சரியான அளவுதான் என்று எனக்கே பாடம் எடுத்தார். அப்புறம் எச்சம் எவ்வளவு போடும், அதை யார் அள்ளுவது, கொட்டகை எத்தனை உயரம் கட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்தபடி நின்றார். கிளம்பும்போது அந்தக் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"அழிஞ்சு போனதே நல்லதுங்க. இதைக் கட்டித் தீனி போடறவன் மொதல்ல அழிஞ்சிருப்பான்."

மனுசனைத் தள்ளி வை

டைரனோசருக்கு எதிரே கையில் ஈட்டியோடு ஒரு ஆதிமனிதனை நிறுத்தியிருந்தேன். குழந்தைகள் அவன் தோள்மேல் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும். ஒருநாள் தன் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அறிவியல் டீச்சர் வந்தார். சுமதி என்று பெயர், ஆத்தூர்ப் பக்கம். எங்களைப்போல 'ங்க' சேர்த்துக் குழைய மாட்டார், வெட்டென்று பேசுவார். ஆதிமனிதனைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

டைனோசர் இருந்த காலத்தில் மனிதனே இல்லை, அவனை எடுங்கள் என்றார். அவனுக்கும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்றேன். இரண்டுக்கும் நடுவே ஆறு கோடி வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்றார். அவ்வளவு தள்ளி வைக்க இந்த மைதானம் பத்தாது என்றேன். கடைசியில் அவரே வழி சொன்னார்: ரோம யானைப் பக்கத்தில் நிறுத்துங்கள், அதுவும் மனிதனும் ஒரே காலம்தான், அதை வேட்டையாடித் தின்றுதான் பனியில் பிழைத்தான். சரி என்று தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தோம்.

டீச்சர் அதோடு விட்டிருக்கலாம். அவர் கிளம்புகிற நேரம் பார்த்து டைரனோசர் ஒரு தடவை உறுமியது. அந்தச் சத்தம் என் பெருமை. சிங்கம் பாதி, லாரி ஏர் ஹாரன் பாதி, ஆள் உயர ஸ்பீக்கரில் விட்டால் பெரியவர்களே துள்ளுவார்கள். வாயைத் திறந்து அது இப்படிக் கர்ஜித்திருக்க வாய்ப்புக் குறைவு, முதலை மாதிரி, தீக்கோழி மாதிரி, வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் முனகியிருக்கும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்கள் என்றார் டீச்சர். கோழியும் குருவியும் அதன் வாரிசுகள்தான், சிங்கம் இல்லை என்றும் சொன்னார். முனகுவதைக் கேட்க எவன் டிக்கெட் வாங்குவான் என்று நான் குரலை உயர்த்தினேன். டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்குங்க பசங்களா. கர்ஜிக்கிற இனம் இதுதான்."

மலை விழுந்த கதை

எப்படிச் செத்தது? இதுதான் தினமும் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி. வானத்திலிருந்து மலையளவு கல் ஒன்று மெக்சிகோ பக்கம் விழுந்தது, புழுதியும் புகையும் வானத்தை மூடியது, வெயில் இல்லாமல் செடி செத்தது, செடியைத் தின்றது செத்தது, அதைத் தின்றதும் செத்தது என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். அதிகமாகத் தின்கிறது முதலில் போயிற்று. உடம்பு சிறுத்தது, மண்ணில் கிடந்த விதையைப் பொறுக்கித் தின்றது, பொந்துக்குள் பதுங்கினது, இவைதான் தப்பித்தன.

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மச்சான், "மெக்சிகோவுல உழுந்ததுக்கு இங்கிருக்கறது எப்புடிங்க சாகும்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல, "அதெப்புடி, அதெப்புடி" என்றாரே தவிர நம்புவதாக இல்லை. எனக்குச் சட்டி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வண்டிக்காரர் என்னைக் கையமர்த்திவிட்டு மச்சானிடம் சொன்னார்:

"மாப்ள, நாம ஆறங்குல ஓட்டை போடறதுக்கே மூணாவது ஊட்டுக்காரன் புழுதின்னு சண்டைக்கு வர்றான். மலையே உழுந்தா ஒலகம் தும்மிச் சாகாதா?"

தோல் முட்டை

கூட்டம் நன்றாகப் பிடித்துக்கொண்ட நேரம். ஒருநாள் காலையில் பொன்னுசாமி ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டை நிறைய முட்டை. தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஓடே இல்லை, வெறும் தோல்தான். நாமக்கல்லில் இதற்குத் தோல் முட்டை என்று பெயர். விற்க முடியாது, அடுக்க முடியாது, கையில் எடுத்தாலே பிய்ந்துபோகும்.

"உங்க டைனோசர் கத்தறப்பெல்லாம் கோழி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுங்க. பயந்த கோழி இப்புடித்தான் முட்டை உடும்" என்றார்.

பேரம் என்றால் எனக்குத் தெம்பு வந்துவிடும். கோழி காலையில்தானே முட்டை இடுகிறது, நான் கத்த விடுவது சாயங்காலம் என்றேன். முட்டை வருவது காலையில், உள்ளே ஓடு கட்டுவது சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்க என்றார். சத்தத்தைப் பாதியாக்குகிறேன் என்றேன். கோழிக்குப் பாதிப் பயம் என்று ஒன்று கிடையாது என்றார். ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கிறேன் என்றேன். அந்தப் பக்கமும் தன் கொட்டகைதான் என்றார். தோல் முட்டையை எல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். மனிதர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கத்துகிறவனைக் கத்தி ஜெயிக்கலாம், மெதுவாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

"இன்னிக்கிச் சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா, நாளைக்கு என்ற எடத்துல டைனோசர் இருக்காதுங்க. பொழச்சுக் கெடக்கறதைப் பாக்கறதா, செத்துப்போனதைப் பாக்கறதா, நீங்களே சொல்லுங்க."

ஊமை

அன்று சாயங்காலம் ஸ்பீக்கரை அணைத்தோம். டைரனோசர் வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. பார்க்கக் கொட்டாவி விடுவதுபோல் இருந்தது. ஒரு குழந்தை அதற்குத் தூக்கம் வருகிறது என்றது. துள்ளுவதற்கென்றே காதலியை அழைத்து வந்த இளைஞன் ஒருவன் என்னை முறைத்தான். உள்ளே போனவர்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். வெளியே வந்தவர்கள் வரிசையில் நின்றவர்களிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வரிசை கரைந்தது. எனக்கு மூக்கில் அப்பள எண்ணெய் வாசம் அடித்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒருவர் சண்டைக்கு வந்தார். "ஊமைப் படத்துக்கு எதுக்குங்க முழு டிக்கெட்?" என்றார். நான் அவரிடம் போட்ட சத்தத்தில் கொட்டகை அதிர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம், டைனோசருக்கு உயிர் வந்துவிட்டதென்று ஓடி வந்து பார்த்தார்கள். மாணிக்கம் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, ஸ்பீக்கர் எதுக்குங்க? நீங்க அதும் வயித்துக்குள்ள உக்காந்துக்கிட்டாப் போதும்."

அடைக்கோழி

அவமானத்தை விழுங்கிக்கொண்டு மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். அது எப்படி முனகும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அந்தச் சத்தத்தை யாரும் காதால் கேட்டதில்லையே, வாரிசைக் கேட்டுப் பாருங்கள், அடைகாக்கிற கோழி கிட்டத்தில் போனால் ஒரு சத்தம் போடுமே, அதிலிருந்து தொடங்குங்கள் என்றார். கோழியைப் பயமுறுத்தாத சத்தம் கோழிச் சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் பட்டது.

பொன்னுசாமி பண்ணையில் அத்தனை கோழி இருந்தும் ஒன்றுகூட அடைகாக்காது. முட்டை இட்டால் அது உருண்டு வெளியே போய்விடும், அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். கடைசியில் ரோட்டோர டீக்கடை ராசாத்தியிடம் ஒரு நாட்டுக்கோழி, பெஞ்சுக்கு அடியில் கூடைக்குள் அடை உட்கார்ந்திருந்தது. சத்தத்தைப் பதிவு செய்ய மாணிக்கம் போனை நீட்டினார். கோழி வாயே திறக்கவில்லை. நான் கையை நீட்டினேன். சிலிர்த்துக்கொண்டு "கொர்ர்ர்" என்று ஒரே கொத்து. ரத்தம் வந்துவிட்டது. நான் அதைத் திட்டினேன். அது என்னைத் திட்டியது. நான் விடவில்லை, அதுவும் விடவில்லை. பொன்னுசாமிக்கு அடுத்து, நான் பேசியும் படியாத ஜீவன் அதுதான்.

மாணிக்கம் அந்தச் சத்தத்தைப் போனிலேயே இழுத்து, வேகத்தைக் குறைத்து, அடிச்சத்தத்தைக் கூட்டி, அன்று சாயங்காலம் மெல்லமாகத் தொடங்கி ஸ்பீக்கரில் விட்டார். காதில் மட்டும் கேட்கிற சத்தம் இல்லை அது. காலுக்கு அடியில் மண் முனகியது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ மரப்பெட்டியை நகர்த்துவதுபோல் இருந்தது. டைரனோசர் வாயை மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது. யாரும் துள்ளவில்லை. குழந்தைகள் அம்மாக்களின் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. வெளியே வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி டிக்கெட் கேட்டார்கள்.

டீச்சரும் வந்திருந்தார். கண்ணை மூடிக் கேட்டார். கோழி புரிகிறது, நடுநடுவே இன்னொரு உயிரினம் கோபமாக உறுமுகிறதே, அது எந்தக் காலத்தது என்று கேட்டார். என் திட்டையும் சேர்த்தே இழுத்துவிட்டிருக்கிறார் இந்த மனிதர். மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அது எங்க அக்காங்க டீச்சர். பிரிச்செடுக்க முடியலீங்க."

வாடகை

மறுநாள் காலையில் பொன்னுசாமி அட்டையோடு வருவார் என்று விடியும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாணிக்கம் ஒரு போல்ட்டைக் கழட்டுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கொட்டகையையே கழட்டச் சொல்லிவிடுவார்களோ என்று அவருக்கும் பயம். பொன்னுசாமி வந்தார். கையில் அட்டை இருந்தது. ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள் என்றார். அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. அழுத்தின அழுத்தில் உடைந்து கை முழுக்க வழிந்தது. ஓடு உடைந்த சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லீவு முடிகிறவரை இருந்துகொள்ளுங்கள் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது, முகூர்த்தம் என்றால் வெடி போடுகிறார்கள், ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நேற்று உங்கள் டைனோசர் முனகினபோது ஒரு பட்டாசுச் சரம் வெடித்தும் கோழி அசையவில்லை. அதனால் பகலிலும் அந்தச் சத்தத்தை மெல்லமாக ஓடவிட முடியுமா என்றார்.

முடியுமா என்று ஒருவர் கேட்டுவிட்டால் எனக்கு உடம்பில் தானாக ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். கரன்ட் செலவு, ஸ்பீக்கர் தேய்மானம், கோழி கொத்தின கைக்கு ஊசி எல்லாவற்றையும் அடுக்கினேன். அதை இட வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். பொன்னுசாமி முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்:

"ஏனுங்க்கா, கோழி சத்தத்தைக் கோழிக்காரனுக்கே வாடகைக்கு உடறீங்களே, இது உங்களுக்கே அடுக்குமா?"

டைனோசர் அழிந்துவிட்டது என்று டிக்கெட் கிழித்து ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அது வேலிக்கு அந்தப் பக்கம் கூண்டுக்குள் உட்கார்ந்து வேளாவேளைக்குத் தீவனம் தின்றபடி, என் சத்தம் தாங்கவில்லை என்று பொன்னுசாமி மூலமாக முட்டையிலேயே புகார் எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.